வில்லிஸ் இராணுவ ஜீப்: அறிகுறியைப் பார்த்துப் பழுதைக் கண்டறியும் வழிமுறை

1941 முதல் 1945 வரை இரண்டாம் உலகப் போருக்காகத் தயாரிக்கப்பட்ட வில்லிஸ் எம்.பி., ஃபோர்டு ஜி.பி.டபிள்யூ. ஆகிய இரு ஜீப்புகளுக்கும் இந்த வழிமுறை பொருந்தும். இரண்டிலும் இருப்பது ஒரே வடிவமைப்பிலான நான்கு சிலிண்டர், 2199 சி.சி., பக்க வால்வு பெட்ரோல் எஞ்சின்தான். போருக்குப் பின் 1949-இல் மும்பையில் மகிந்திரா நிறுவனம் சி.ஜே. எனப்படும் பொதுமக்களுக்கான வகை ஜீப்புகளை ஒருங்கிணைக்கத் தொடங்கியதால் அவற்றின் உதிரிபாகங்களே நம் ஊரில் எளிதாகக் கிடைத்தன. ஆகவே இங்கே எஞ்சியிருக்கும் போர்க்கால ஜீப்புகளில் கார்புரேட்டர் ஒரு வண்டியுடையதாகவும் டிஸ்ட்ரிபியூட்டர் (பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பகிர்ந்தளிக்கும் பாகம்) இன்னொரு வண்டியுடையதாகவும் இருப்பது வழக்கம். ஆலையில் 6 வோல்ட்டாக வந்த மின்சுற்றையும் பலர் 12 வோல்ட்டாக மாற்றியிருப்பார்கள். எந்தச் சோதனையையும் தொடங்குமுன் உங்கள் வண்டியில் இருப்பது என்ன என்பதைப் பார்த்து ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

மல்டிமீட்டர், ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்), டெஸ்ட் லாம்ப், இரு முனையிலும் கிளிப் வைத்த ஒரு நீள வயர், நன்றாக வேலை செய்வதாக ஏற்கெனவே தெரிந்த ஓர் உதிரி கண்டன்சர் (டிஸ்ட்ரிபியூட்டரில் இருக்கும் மின்தேக்கி) ஆகியவை கையில் இருக்க வேண்டும். பெட்ரோல் தொடர்பான எந்தச் சோதனைக்கும் தீயணைப்பான் பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். கண்டன்சர், காயில் (பொறிக்கான உயர் மின்னழுத்தத்தைத் தரும் சுருள்), பெட்ரோல் பம்ப் மூன்றையும் ஒரே மாலையில் மாற்றினால் வண்டி ஓடலாம். ஆனால் பழுது எதில் இருந்தது என்பது தெரியாமலே போய்விடும், அதே பழுது மறுபடி வரும்போது மீண்டும் தொடக்கத்திலிருந்தே தேட வேண்டியிருக்கும்.

அறிகுறி: செல்ஃப் (ஸ்டார்ட்டர் மோட்டார்) மெதுவாகச் சுற்றுகிறது, அல்லது ‘டக்’ என்ற ஒலியோடு நின்றுவிடுகிறது

புதிதாகப் புதுப்பித்த வண்டிகளில் இந்தக் குறை மிகுதி. காரணம் பெரும்பாலும் பெயின்ட்தான். சேஸிஸை மணல் வீசித் தேய்த்து, பிரைமர் அடித்து, பச்சை வண்ணம் பூசி அழகாக முடித்த பிறகு, எர்த் பட்டை அமரும் இடத்தில் இரும்பு வெளியே தெரிவதே இல்லை. இந்த ஜீப்பின் எஞ்சின் ரப்பர் மவுண்டுகளின் மேல் அமர்ந்திருப்பதால், எஞ்சினுக்கும் சேஸிஸுக்கும் இடையே தனியாக ஓர் எர்த் பட்டை இல்லாவிட்டால் செல்ஃபின் மின்னோட்டம் திரும்பிச் செல்ல வழியில்லை. அப்போது அது ஆக்சிலரேட்டர் கம்பி, சோக் கம்பி போன்றவற்றின் வழியே பாய்ந்து அவற்றைச் சூடாக்கும். செல்ஃப் அடித்தபின் சோக் கம்பி கையில் சுட்டால் வேறு சோதனை தேவையில்லை, எர்த் பட்டையைச் சரிசெய்யுங்கள்.

பட்டை இருக்கிறது, ஆனாலும் ஐயம் என்றால் இப்படிப் பாருங்கள். காயிலின் நடு வயரைக் கழற்றி எஞ்சின் உலோகத்தில் தொடுமாறு வையுங்கள், எஞ்சின் பிடிக்காது. மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் எதிர்மின் தூணின் மீதே வைத்து (கிளாம்பின் மீது அன்று), மறு முனையை எஞ்சின் பிளாக்கின் பெயின்ட் இல்லாத இடத்தில் அழுத்திக்கொண்டு, உதவிக்கு இருப்பவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 6 வோல்ட் வண்டியில் 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் வழியில் தடை இருக்கிறது. அடுத்து, நேர்மின் தூணுக்கும் செல்ஃபின் முனைக்கும் இடையே இதே சோதனையைச் செய்யுங்கள். இங்கே அளவு கூடினால் கேபிளையோ, காலால் மிதிக்கும் செல்ஃப் சுவிட்சின் உள்ளே கருகிய தொடுமுனைகளையோ பார்க்க வேண்டும்.

கேபிளின் தடிமனைப் பலரும் கவனிப்பதில்லை. அதே வேலையைச் செய்ய 6 வோல்ட் மின்சுற்றுக்கு 12 வோல்ட்டைப் போல இரு மடங்கு மின்னோட்டம் தேவை. கார் உதிரிபாகக் கடையில் ஆயத்தமாகக் கிடைக்கும் பேட்டரி கேபிள் இதற்குப் போதாது. 50 முதல் 70 சதுர மி.மீ. வரையிலான தாமிர வெல்டிங் கேபிளை வாங்கி, முனைகளை அழுத்திப் பொருத்தச் சொல்லுங்கள். செலவு குறைவு, பலனோ புதிய பேட்டரி போட்டதைவிட அதிகம்.

இரு வழியும் சரியாக இருந்து, செல்ஃப் அடிக்கும்போது பேட்டரியின் தூண்களுக்கு இடையே 4.8 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் பேட்டரியைச் சோதிக்கக் கொடுங்கள். பேட்டரியும் நல்லது என்றால் செல்ஃபின் கார்பனோ புஷ்ஷோ தேய்ந்திருக்கும். அதைக் கழற்றி ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் கொடுப்பதே சரி. 6 வோல்ட் செல்ஃபை 12 வோல்ட்டில் ஓட்டுபவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். செல்ஃப் சுறுசுறுப்பாகச் சுற்றும், ஆனால் அதன் பல் ஒவ்வொரு முறையும் ஃப்ளைவீல் வளையத்தில் ஓங்கி அடிக்கும். ‘கிரர்’ என்ற உராய்வு கேட்கத் தொடங்கினால் வளையத்தின் பற்களைப் பார்க்கத் தாமதிக்கக் கூடாது.

அறிகுறி: குளிர்ந்த எஞ்சினை செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் எஞ்சின் பிடிக்கவில்லை

இதை விரைவில் முடித்துவிடலாம். ஒரு பிளக்கைக் கழற்றி, அதன் வயரோடு ஹெட்டின் மீது கிடத்தி, செல்ஃப் அடித்துப் பாருங்கள். பிளக் துளையிலிருந்து பெட்ரோல் ஆவி வெளிவரும் என்பதால் பிளக்கைத் துளையிலிருந்து தள்ளியே வையுங்கள். பொறி நீலமாகவும் ‘சடக்’ என்ற ஒலியுடனும் வந்தால் மின்சுற்று நன்று. மஞ்சளாக, நூல்போல மெலிந்து வந்தால் டிஸ்ட்ரிபியூட்டரினுள் திறந்து மூடும் தொடுமுனையான சி.பி. பாயிண்டின் இடைவெளியை 0.020 அங்குலத்துக்கும் (0.5 மி.மீ.) பிளக்கின் இடைவெளியை 0.030 அங்குலத்துக்கும் (0.75 மி.மீ.) வைத்துவிட்டு மறுபடி பாருங்கள். நீண்ட நாள் நின்ற வண்டியில் பாயிண்டின் முகத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் படிந்திருக்கும். ஒரு கெட்டி அட்டையை இடையே வைத்து இழுத்தாலே போதும், உப்புத்தாள் வேண்டாம்.

பொறி நன்றாக இருந்தும் பிடிக்காவிட்டால் கார்புரேட்டரின் மேல் வழியே பார்த்துக்கொண்டு ஆக்சிலரேட்டர் நெம்பை ஒருமுறை இழுங்கள். பெட்ரோல் மெல்லிய தாரையாகப் பாய வேண்டும். பாயாவிட்டால் ஃப்ளோட் கிண்ணம் காலியாக இருக்கலாம். பல மாதம் நின்ற வண்டியில் அது ஆவியாகிப் போயிருக்கும். கையால் இயக்கும் நெம்பு உள்ள பம்ப் என்றால் அதை அழுத்தி நிரப்புங்கள். பெட்ரோலும் பொறியும் இருந்து, கார்புரேட்டரில் ‘பட்’ என்று திருப்பி வெடித்தால், பிளக் வயர்களை இடம் மாற்றிச் செருகியிருக்கக்கூடும். எரியும் வரிசை 1-3-4-2.

அறிகுறி: நன்றாக ஓடிய வண்டி சூடானதும் நின்றுவிடுகிறது, ஆறியதும் எதுவும் நடக்காததுபோல் ஓடுகிறது

என்னிடம் அதிகம் கேட்கப்படுவது இந்தக் குறைதான், தவறாக அதிகம் சரிசெய்யப்படுவதும் இதுதான். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும் வழியில், வெயில் நேரத்தில், இரண்டாம் கியரில் இழுத்துக்கொண்டு வரும்போது வண்டி இரண்டு முறை குலுங்கி நின்றுவிடும். நின்றவுடனே எல்லோரும் கார்புரேட்டரைக் கழற்றுகிறார்கள். கழற்றித் துடைத்துப் பூட்டுவதற்குள் எஞ்சின் ஆறிவிடும், வண்டி ஓடும், கார்புரேட்டர்தான் காரணம் என்ற முடிவும் உறுதியாகிவிடும். அடுத்த மேட்டில் மீண்டும் அதே கதை.

இந்தப் பழுதைச் சூட்டோடு மட்டுமே பிடிக்க முடியும். வண்டி நின்ற முதல் ஓரிரு நிமிடத்துக்குள், எதையும் தொடுமுன், மூன்றை வரிசையாகப் பாருங்கள்: பெட்ரோல் டேங்க் மூடியைத் திறங்கள், பொறியைப் பாருங்கள், கார்புரேட்டரில் தாரை பாய்கிறதா என்று பாருங்கள். கீழே உள்ள கிளைகளில் எது உங்களுடையது என்பதை இவை மூன்றும் சொல்லிவிடும்.

*கிளை அ: மூடியைத் திறந்ததும் ‘உஸ்’ என்று காற்று உள்ளே இழுக்கிறது*

ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் உள்ள டேங்கிலிருந்து பெட்ரோல் குறையக் குறைய, அந்த இடத்தை நிரப்பக் காற்று உள்ளே போக வேண்டும். மூடியின் காற்றுத் துளை அடைபட்டாலோ, துளையே இல்லாத மாற்று மூடியைப் போட்டிருந்தாலோ டேங்கினுள் வெற்றிடம் உருவாகி பம்பால் இழுக்க முடியாமல் போகும். துளையைச் சுத்தம் செய்யுங்கள், அல்லது சரியான மூடியை வாங்குங்கள். இதைவிடச் செலவு குறைந்த பழுது இந்த ஜீப்பில் இல்லை என்பதால் இதுவே எப்போதும் முதல் சோதனை.

*கிளை ஆ: பொறி இல்லை, அல்லது மெலிந்து மஞ்சளாக வருகிறது*

முதலில் பேட்டரியின் நேர்மின் முனையிலிருந்து காயிலின் நேர்மின் முனைக்குக் கிளிப் வயரை நேராகக் கொடுங்கள். பொறி திரும்பிவிட்டால் பழுது சாவி சுவிட்சிலோ, அம்மீட்டரின் தளர்ந்த நட்டிலோ, வானொலி இரைச்சலைத் தடுக்க இராணுவம் பொருத்திய வடிகட்டிப் பெட்டியிலோ இருக்கிறது. அந்தப் பெட்டியின் உள்ளே இருப்பது எண்பது ஆண்டு பழைய மின்தேக்கி. காட்சிக்காக வெளிக்கூட்டை வைத்துக்கொண்டு உள்ளே வயரை நேராக இணைத்துவிடுவது நல்லது. 12 வோல்ட்டாக மாற்றி, காயிலுக்கு முன் ரெசிஸ்டர் வைத்த வண்டியில் இந்த நேரடி வயரை ஒரு நிமிடத்துக்கு மேல் விட்டுவைக்காதீர்கள்.

நேரடி வயர் கொடுத்தும் பொறி வராவிட்டால் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, செல்ஃப் அடிக்கும்போது பாயிண்டைப் பாருங்கள். பாயிண்ட் பிரியும் இடத்தில் நீலச் சுடர் பளிச்சென்று தொடர்ந்து தெரிந்தால் கண்டன்சர் போய்விட்டது. உள்ளே இருப்பதைக் கழற்றிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. அதன் வயரை மட்டும் பிரித்துவிட்டு, உதிரி கண்டன்சரின் வயரைக் காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் முனையில் கிளிப்பால் கவ்வி, அதன் உடலை எஞ்சின் உலோகத்தில் இறுக்கினால் வீடுவரை போய்ச் சேரலாம். புதிய கண்டன்சர் என்பதற்காகவே அது நல்லது என்று எண்ணிவிடாதீர்கள். இன்று கிடைக்கும் மலிவான மாற்றுக் கண்டன்சர்கள் பல, சூட்டைத் தாங்குவதில்லை. ஓடிப் பழகிய பழையது ஒன்று கிடைத்தால் அதைப் பத்திரப்படுத்துங்கள்.

பாயிண்டில் சுடரும் இல்லை, பொறியும் இல்லை என்றால், டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கவாட்டு முனையிலிருந்து பாயிண்டுக்குப் போகும் குட்டி வயரை விரலால் மெல்ல வளைத்துப் பாருங்கள். மேலே உறை முழுதாக இருக்கும், உள்ளே தாமிர இழைகள் ஒவ்வொன்றாக அறுந்து ஒன்றோ இரண்டோ மட்டும் மிச்சம் இருக்கும். எஞ்சின் சூடாகி வயர் தளரும்போது அவையும் விலகும், ஆறியதும் சேரும். ஒரு ஆரோக்கியமான வயர் வளைக்கும்போது விறைப்பாக எதிர்க்கும். அறுந்த இடத்தில் அது நூல்போல மடியும்.

இவற்றையெல்லாம் தாண்டிய பிறகே காயில். சூடாக இருக்கும்போதே அதன் இரு சிறு முனைகளுக்கு இடையே மின்தடையை அளந்துகொள்ளுங்கள். ரெசிஸ்டர் இல்லாமல் ஓடும் 12 வோல்ட் காயிலில் சுமார் 3 ஓம், 6 வோல்ட் காயிலில் சுமார் 1.5 ஓம் இருக்க வேண்டும். 12 வோல்ட்டாக மாற்றிய வண்டியில் பழைய 6 வோல்ட் காயிலை ரெசிஸ்டர் இல்லாமல் அப்படியே விட்டிருந்தால், அது கை வைக்க முடியாத அளவு கொதித்து, சூட்டில் நிற்கும் குறையை அப்படியே தரும். காயிலும் சரி என்றால் டிஸ்ட்ரிபியூட்டரின் தண்டைப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். அசைவில் பாயிண்டின் இடைவெளி மாறுவது கண்ணுக்குத் தெரிந்தால் புஷ் தேய்ந்துவிட்டது; அது லேத் பட்டறை வேலை.

*கிளை இ: பொறி நன்று, கார்புரேட்டரில் தாரை பாயவில்லை*

டேங்கிலிருந்து பம்ப் வரையிலான குழாய் முழுவதும் உறிஞ்சும் பக்கம். இங்கே ரப்பர் ஹோஸில் விரிசல் இருந்தால் பெட்ரோல் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். ஆகவே ‘எங்கேயும் ஒழுகல் இல்லை’ என்பது இந்தப் பக்கத்துக்குச் சான்று ஆகாது. சேஸிஸிலிருந்து பம்புக்கு வரும் ஹோஸைக் கழற்றி வளைத்துப் பார்த்து, ஐயமிருந்தால் எத்தனாலைத் தாங்கும் புதிய ஹோஸைப் போட்டுவிடுங்கள். இப்போது நம் பங்க்குகளில் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலே கிடைக்கிறது. 1940-களின் ரப்பரும் பம்பினுள் உள்ள பழைய டயாஃப்ரமும் (சவ்வும்) அதில் மென்மையாகி உப்பிவிடும். பழைய டேங்கில் படிந்த துருவையும் உட்பூச்சையும் அது பெயர்த்தெடுக்கும். பெயர்ந்த தகடு ஒன்று உறிஞ்சு குழாயின் வாயை மூடிக்கொண்டால் வண்டி நிற்கும். நின்றதும் இழுப்பு இல்லாததால் அது விழுந்துவிடும், வண்டி மீண்டும் ஓடும். டேங்கினுள் டார்ச் அடித்துப் பாருங்கள். அடியில் செம்பழுப்புச் செதில்கள் தெரிந்தால் டேங்கைக் கழற்ற வேண்டும். பெட்ரோல் டேங்கில் வெல்டிங் வைப்பதை வீட்டில் நினைக்கவே கூடாது. காலியான டேங்க் நிறைந்த டேங்கைவிட ஆபத்தானது.

ஹோஸும் டேங்கும் சரி என்றால் மெக்கானிக்குகள் ‘ஏர் லாக்’ என்று சொல்லும் ஆவித் தடையைச் சோதியுங்கள். இந்த எஞ்சினில் பம்பும் சைலன்சருக்குப் போகும் மேனிஃபோல்டும் ஒரே பக்கத்தில் இருப்பதால் மேட்டில் மெதுவாக ஏறும்போது பம்ப் வெந்துபோகும், பெட்ரோல் குழாயினுள்ளேயே ஆவியாகும். ஈரத் துணியைப் பம்பின் மீது சுற்றித் தண்ணீர் ஊற்றுங்கள். மேனிஃபோல்டில் தண்ணீர் படக்கூடாது, வார்ப்பிரும்பு விரிசல் விடும். சில நிமிடத்தில் தாரை திரும்பினால் நோய் இதுதான். குழாயை மேனிஃபோல்டிலிருந்து விலக்கி வளையுங்கள், இடையில் ஒரு தகட்டுத் தடுப்பு வையுங்கள். மின்சாரப் பம்ப் வைப்பதென்றால் டேங்கின் அருகே வைத்து, அழுத்தம் 2 பி.எஸ்.ஐ. அளவில் இருக்குமாறு ரெகுலேட்டர் போடுங்கள். கூடினால் இந்த ஜீப்பின் கார்ட்டர் டபிள்யூ.ஓ. கார்புரேட்டரின் ஊசி வால்வால் அடைக்க முடியாது.

பம்பின் டயாஃப்ரம் கிழிந்திருந்தால் வேறோர் ஆபத்து உண்டு. பெட்ரோல் எஞ்சின் ஆயிலில் இறங்கும். ஆயில் கம்பியை உருவி முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாசனை அடித்து, ஆயிலின் மட்டமும் கூடியிருந்தால், ஆயிலை மாற்றாமல் எஞ்சினை இயக்கவே இயக்காதீர்கள்.

*கிளை ஈ: பொறியும் உண்டு, பெட்ரோலும் உண்டு, வாசனை மூக்கைத் துளைக்கிறது*

ஓட்டி நிறுத்தியபின் கார்புரேட்டரின் பெட்ரோல் சூட்டில் பொங்கி மேனிஃபோல்டுக்குள் வழிந்திருக்கிறது. சோக்கைத் தொடாமல், ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்துப் பிடித்துக்கொண்டு செல்ஃப் அடித்தால் பிடித்துவிடும். தினமும் இப்படியே நடந்தால் ஃப்ளோட்டின் உயரத்தையும் ஊசி வால்வையும் பாருங்கள்.

அறிகுறி: வெப்பமானி ஏறுகிறது, ரேடியேட்டர் கொதிக்கிறது

வெப்பமானி சொல்வது உண்மையா என்பதே முதல் கேள்வி. அதன் குமிழைக் கொதிக்கும் நீரில் வைத்தால் சமவெளியில் 212 டிகிரி ஃபாரன்ஹீட் காட்ட வேண்டும். உதகையில் தண்ணீர் சுமார் 92 அல்லது 93 டிகிரி செல்சியசிலேயே கொதித்துவிடும் என்பதை மலையில் இருப்பவர்கள் கணக்கில் கொள்ளுங்கள். அங்கே ரேடியேட்டர் விரைவில் கொதிப்பதற்கும் அதுவே ஒரு காரணம்.

தண்ணீர் மட்டம், பெல்ட்டின் இறுக்கம், ரேடியேட்டரின் முகத்தை அடைத்த பூச்சிகளும் சேறும் ஆகியவற்றைப் பார்த்த பிறகு டைமிங்கை (பொறி வரும் நேரத்தை) பாருங்கள். பொறி தாமதமாக வந்தால் இந்த எஞ்சின் இழுவை குறைந்து கொதிக்கும், தண்ணீர்ப் பக்கத்தில் எதைத் தேடினாலும் கிடைக்காது. அடுத்து தெர்மோஸ்டாட், கழற்றிக் கொதிநீரில் போட்டால் திறக்க வேண்டும். பிறகு கீழ் ஹோஸ், எஞ்சின் வேகத்தைக் கூட்டும்போது உள்வாங்கி ஒட்டிக்கொள்கிறதா என்று பார்க்க வேண்டும்.

எஞ்சின் முழுதாக ஆறிய பிறகு பிளாக்கின் வடிகுழாயைத் திறங்கள். தண்ணீர் வராமல், கம்பியால் குத்தியபின் காபிக் குழம்பு போன்ற சேறு வந்தால் பிளாக்கினுள் துரு நிறைந்திருக்கிறது. ரேடியேட்டரும் அதே நிலையில்தான் இருக்கும். அதை ரேடியேட்டர் பட்டறையில் பிரித்துக் கம்பி விட்டுச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். மூடி 4 பி.எஸ்.ஐ. அளவினது. நவீன காரின் மூடி பொருந்துகிறது என்பதற்காக அதைப் போட்டால் பழைய ஈய ஒட்டுகள் விட்டுப்போகும்.

ஆறிய எஞ்சினை இயக்கியவுடனே திறந்த ரேடியேட்டரில் குமிழ்கள் விடாமல் வந்தால் ஹெட் கேஸ்கெட். ஹெட் நட்டுகளை 60 முதல் 65 அடி-பவுண்டு வரை, நடுவிலிருந்து வெளியே செல்லும் வரிசையில் இறுக்கிப் பாருங்கள். நிற்காவிட்டால் ஹெட்டைக் கழற்றி, எக்ஸாஸ்ட் வால்வு இருக்கைக்கும் சிலிண்டருக்கும் இடையே விரிசல் உள்ளதா என்று பார்க்க வேண்டும். மயிரிழை விரிசல் தெரிந்தாலும் பிளாக்கை அழுத்தச் சோதனை செய்யும் எஞ்சின் பட்டறைக்கு அனுப்புங்கள்.

அறிகுறி: ஒரு குழியில் இறங்கி ஏறியதும் முன்சக்கரங்கள் உதறத் தொடங்குகின்றன

உதறல் தொடங்கியதும் வேகத்தைக் குறைத்து நிறுத்துங்கள். ஓட்டிக்கொண்டே சமாளிக்கக் கூடாது. இரு முன் டயர்களின் காற்று சமமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ஸ்டியரிங்கை ஒருவர் இடவலமாக அசைக்க, மற்றவர் கீழே படுத்து ஒவ்வோர் இணைப்பின் மீதும் கை வைத்துப் பாருங்கள். கண்ணைவிடக் கைக்கு ஆட்டம் விரைவில் தெரியும். டை ராட் முனைகள், முன் ஆக்சிலுக்கு மேலே, ஸ்டியரிங்கின் அசைவைச் சக்கரங்களுக்குத் திருப்பிவிடும் பெல் கிராங்க், ஸ்பிரிங் ஷேக்கிள்கள் என்ற வரிசையில் பாருங்கள். எனக்குத் தெரிந்து பெல் கிராங்கே பெரும்பாலும் குற்றவாளி. பிறகு முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். பிரேக்கை மிதித்ததும் ஆட்டம் நின்றால் வீல் பேரிங், நிற்காவிட்டால் சக்கரம் இடவலமாகத் திரும்பும் அச்சான கிங் பின்னின் பேரிங். கிங் பின்னுக்கு ஷிம் (மெல்லிய தகடு) வைத்து இறுக்கம் கொடுக்க ஸ்பிரிங் தராசு வேண்டும், பழகிய கை வேண்டும். அங்கே மெக்கானிக்கை அழையுங்கள்.

சக்கரத்தைக் கழற்றும்போது இரண்டு எச்சரிக்கை. இடப்பக்கச் சக்கரங்களின் நட்டுகளுக்கு இடது மரை. வழக்கம்போல் திருப்பினால் மேலும் இறுகி ஸ்டட் முறியும். போர்க்கால இரண்டு துண்டு ரிம்மில், இரு பாதிகளையும் பிணைக்கும் உள் வளைய நட்டுகளைக் காற்றுள்ள டயரில் ஒருபோதும் தொடக் கூடாது. காற்றின் அழுத்தத்தில் ரிம் பிளந்து தெறிக்கும், உயிர் போகும். வால்வின் ஊசியையே கழற்றிக் காற்றை முழுதும் இறக்கிய பிறகே ஸ்பேனரை வையுங்கள். வழியோர பஞ்சர் கடையில் இந்த ரிம்மைப் பார்த்திருக்க வாய்ப்பில்லை. பக்கத்தில் நின்று நீங்களே சொல்ல வேண்டும்.

அறிகுறி: ஆக்சிலரேட்டரை விட்டதும் இரண்டாம் கியர் நழுவுகிறது

இந்த ஜீப்பின் டி-84 கியர் பெட்டியின் தெரிந்த குறை இது. கியர் பெட்டியைப் பிணைக்கும் போல்ட்டுகளின் இறுக்கத்தையும், மேல் மூடியில் கியரைப் பிடித்து வைக்கும் குண்டையும் ஸ்பிரிங்கையும் பாருங்கள். ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் சிறு செலவில் முடியும். முடியாவிட்டால் பெட்டியைப் பிரித்து சின்க்ரோவையும் பேரிங்குகளையும் மாற்ற வேண்டும். கியர் பெட்டி வேலை தெரிந்தவரிடம் விட்டுவிடுங்கள்.

அறிகுறி: பிரேக் பெடல் மெல்லக் கீழே இறங்குகிறது

இந்த ஜீப்பின் பிரேக் ஒற்றைச் சுற்று. ஓரிடத்தில் ஒழுகினாலும் நான்கு சக்கரத்திலும் பிரேக் இல்லாமல் போகும். பெடலை மிதித்து அப்படியே பிடித்திருங்கள். எங்கும் ஒழுகாமல் பெடல் இறங்கினால் மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் கப் போய்விட்டது. ஒழுகினால் வீல் சிலிண்டர்களையும் குழாய்களையும் பாருங்கள். பஞ்சுபோல் அமுங்கி, அடுத்தடுத்து மிதிக்க உயர்ந்தால் உள்ளே காற்று இருக்கிறது. பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். டிரம்மைக் கழற்றியதும் காற்றடித்துச் சுத்தம் செய்யாதீர்கள், ஈரத் துணியால் துடைத்துப் பையில் கட்டுங்கள். பழுது எதுவாக இருந்தாலும் வண்டியைச் சாலைக்கு எடுக்குமுன் பிரேக் வேலை தெரிந்த ஒருவர் நான்கு சக்கரத்தையும் பார்த்தாக வேண்டும். பட்டறைக்குக் கொண்டு போவதென்றால் லாரியில் ஏற்றித்தான் கொண்டு போக வேண்டும்.